ஒரே பூங்கா, நாலு விதமான பெற்றோர்: நடை பழகும் குழந்தையை எவ்வளவு ஓட விடுகிறீர்கள்?

மழைத்தூறல் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மகளுக்குப் பதினாறு மாதம். நடக்க ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. நடை என்று சொல்வது கொஞ்சம் மிகைதான். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்டதுபோல முன்னே பாய்வாள். எங்கே நிற்பது என்று அவளுக்கே தெரியாது.

நாங்கள் போகிற பூங்காவுக்குப் பல நாட்டுக் குடும்பங்கள் வரும். நேற்று மாலை சறுக்குமரத்தைச் சுற்றி நான்கு குழந்தைகள், ஏறக்குறைய ஒரே வயது. ஒரு அப்பா மண்ணில் மல்லாந்து படுத்து, மகனை முழங்காலில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். ஒரு பாட்டி பேரனின் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து பிடித்தபடி, அவன் போகும் இடமெல்லாம் தானும் போனார். ஒரு அம்மா பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். நாலாவது ஆள் நான்.

பெஞ்சில் இருந்தவரின் மகன் ஓடிவந்து தடுக்கி, முகம் மண்ணில் பட விழுந்தான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாதி தூரம் ஓடியே விட்டேன். அவனுடைய அம்மா எழுந்திருக்கவே இல்லை. பார்த்தார், அவ்வளவுதான். அவன் உதட்டைப் பிதுக்கினான், அம்மாவைப் பார்த்தான், உள்ளங்கை மண்ணை வயிற்றில் துடைத்துக்கொண்டு மறுபடி ஓடிப்போனான்.

வீடு திரும்பும்போது கணவர் சொன்னார்: "அரை மணி நேரத்தில் பதினொரு தடவை ஓடாதே என்று சொன்னாய், எண்ணினேன்." (எண்ண நேரம் இருந்த மனிதர் பிள்ளையைப் பிடித்திருக்கலாம். அது வேறு கதை.)

கேட்க வந்தது இதுதான். இந்த வித்தியாசம் ஆளுக்கு ஆள் மாறும் குணமா, வளர்ந்த சமூகம் கற்றுக்கொடுத்ததா? அதனால் குழந்தையின் உடம்புக்கு ஏதாவது ஆகிறதா?


வால்பையன்அப்பா எழுதியது:

பதினொன்றுக்கே கவலையா? எங்கள் வீட்டில் எண்ண ஆரம்பித்தால் கால்விரலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பையன் பேசிய இரண்டாவது சொல்லே "இறங்கு" என்பதுதான். நாற்காலி மேல் நின்றுகொண்டு அவனே அதைச் சொல்வான்.


தசைநார் எழுதியது:

குழந்தைகளுக்குப் பிசியோதெரபி செய்வது என் தொழில். இந்தக் கேள்வி வாரம் இரண்டு முறை வருகிறது, ஆனால் பெரும்பாலும் "பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் நடந்துவிட்டதே" என்ற உருவத்தில் வரும். அதனால் நடக்கும் வயதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என ஐந்து நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளை மாதாமாதம் கவனித்து 2006-ல் ஒரு கணக்கை வெளியிட்டது. பிடிமானம் இல்லாமல் நடப்பதற்கு அதில் உள்ள வரம்பு 8.2 மாதத்தில் தொடங்கி 17.6 மாதம் வரை நீள்கிறது. ஒன்பது மாதத்துக்கும் மேல் இடைவெளி! இந்த இரண்டு முனையில் நிற்கும் குழந்தைகளும் இயல்பான குழந்தைகளே. கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே தவழாமல் அடுத்த கட்டத்துக்குப் போன பிள்ளைகளும் நூற்றுக்கு நாலு பேர் அதில் இருந்தார்கள். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022-ல் தன் வளர்ச்சிப் பட்டியலிலிருந்து தவழ்வதையே எடுத்துவிட்டது.

நாடுகளுக்கு இடையே வித்தியாசம் இருந்ததா? இருந்தது. கானாக் குழந்தைகள் முந்தினார்கள், நார்வேக் குழந்தைகள் பிந்தினார்கள். ஐந்து இடத்திலும் நல்ல ஊட்டம் கிடைத்த பிள்ளைகளைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே சாப்பாட்டைக் காரணம் சொல்ல முடியாது. வளர்க்கும் விதத்தில்தான் தேட வேண்டும் என்பது என் கட்சி.


கேள்விக்குறி எழுதியது:

அங்கேயே ஒரு தாவல் தாவிவிட்டீர்கள் அக்கா. சாப்பாடு இல்லையென்றால் உடனே வளர்ப்பா? பிறவியிலேயே தசை முறுக்கு அதிகமாக இருக்கலாமே. ஆப்பிரிக்கக் குழந்தைகள் எல்லாவற்றையும் சீக்கிரம் செய்வார்கள் என்று ரொம்ப நாளாக ஒரு பேச்சு உண்டு.


தசைநார் எழுதியது:

நியாயமான கேள்வி. அந்தப் பேச்சைச் சோதித்துப் பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். சார்ல்ஸ் சூப்பர் என்ற ஆய்வாளர் 1970களில் கென்யாவில் கிப்ஸிகிஸ் மக்களோடு தங்கி, தாய்மார்கள் நாள் முழுக்கக் கைக்குழந்தையை என்ன செய்கிறார்கள் என்று குறித்துவந்தார். அங்கே உட்காருவதையும் நடப்பதையும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். தரையில் சின்னக் குழி பறித்து, சுற்றிலும் துணியை அணை கொடுத்து, அதில் குழந்தையை உட்கார வைப்பார்கள். அப்புறம் கையைப் பிடித்து மெல்ல மெல்ல முன்னே நடத்துவார்கள். தினமும்.

அந்தக் குழந்தைகள் உட்காருவதிலும் நடப்பதிலும் மேற்கத்தியக் குழந்தைகளை முந்தினார்கள். தவழ்வதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதில் முந்தவில்லை. பிறவி வேகமாக இருந்தால் எல்லாவற்றிலும் அல்லவா முந்தியிருக்க வேண்டும்? பயிற்சி எங்கே விழுந்ததோ அங்கே மட்டும் முளைத்திருக்கிறது. இதை 1976-ல் எழுதினார்.

இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்த ஜமைக்கத் தாய்மார்களிடமும் இதே மாதிரி பார்த்திருக்கிறார்கள். குளிப்பாட்டிய பிறகு கைகாலை நீவி, இழுத்து, உதறிவிடும் பழக்கம் அவர்களுக்கு உண்டு. "இத்தனை மாதத்தில் உட்காருவான்" என்று அவர்கள் எதிர்பார்த்தது முந்திய வயது, பிள்ளைகளும் பெரும்பாலும் அப்படியே உட்கார்ந்தார்கள். பக்கத்து ஆங்கிலேயத் தாய்மார்கள் பிந்தி எதிர்பார்த்தார்கள், பிந்தி வந்தது.


கேள்விக்குறி எழுதியது:

தவழ்வது பற்றிய அந்த ஒரு வரி போதும். ஒப்புக்கொள்கிறேன், அரை மனதாக.


தேசாந்திரன் எழுதியது:

இதன் மறுமுனையையும் பார்த்துவிடலாம். கிழக்குப் பராகுவேயில் காட்டில் அலைந்து வாழ்ந்த ஆச்சே மக்கள். அவர்களுடைய குழந்தைகள் நடக்கும்போது வயது ஏறக்குறைய 23 மாதம். இங்கே யாராவது 23 மாதம் என்றால் தசைநார் அக்கா எழுந்து ஓடிவருவார்! காட்டுத் தரையில் பாம்பு, பூச்சி, முள். கீழே விட்டால் ஆபத்து என்பதால் முதல் சில ஆண்டுகள் பகல் முழுக்கத் தாயின் உடம்போடு ஒட்டியே இருப்பார்கள். ஹில்லார்ட் கப்லான், ஹெதர் டவ் இருவரும் 1987-ல் இதை எழுதினார்கள். ஆனால் அதே பிள்ளைகள் எட்டு, பத்து வயதில் நெடுமரம் ஏறுகிறார்கள், வெட்டுக்கத்தியைக் கையாளுகிறார்கள்.

இன்னொன்று தஜிகிஸ்தானின் காவோரா தொட்டில். மல்லாக்கப் படுக்கவைத்து, கைகாலைத் துணியால் சேர்த்துக் கட்டி, மேலே திரை போட்டுவிடுவார்கள். சிறுநீர் வடிய அடியில் துளையும் குழாயும் உண்டு. குழந்தை ஈரமாகாது, எழுந்து அலையாது. அம்மாவுக்கு வயல் வேலையும் வீட்டு வேலையும் நடக்கும். இதைப் படம் பிடித்துக் காட்டினால் நம்மில் பாதிப் பேர் சிறுவர் காப்பகத்துக்குப் புகார் எழுதுவோம். ஆனால் கட்டுகிற தாய் பாட்டுப் பாடிக்கொண்டு, முத்தம் கொடுத்துக்கொண்டுதான் கட்டுகிறாள்.

கட்டினால் நடை பிந்திவிடுமா என்று 1940-லேயே வேய்ன் டென்னிஸ் அமெரிக்காவின் ஹோப்பி மக்களிடம் பார்த்திருக்கிறார். பலகையில் கட்டி வளர்த்த பிள்ளைகளும், அந்தப் பழக்கத்தைக் கைவிட்ட வீடுகளின் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே வயதில்தான் நடந்தார்கள்.

எனக்குப் படுவது: மழைத்தூறல் கேள்வியில் பாதிக்கு விடை "தரை". தரை பாதுகாப்பாக இருக்கிற இடத்தில் பிள்ளையை இறக்கிவிடுகிறார்கள், இல்லாத இடத்தில் தூக்கிவைத்துக்கொள்கிறார்கள். அப்புறம் தரை மாறினாலும் பழக்கம் மாறச் சில தலைமுறை ஆகிறது.


தாத்தா67 எழுதியது:

அந்தச் சட்டைக் காலரைப் பிடித்திருந்த பாட்டிக்காக ஒரு வார்த்தை பேச அனுமதி வேண்டும்.

நானும் பேத்தியைப் பார்த்துக்கொள்கிறேன், பகல் முழுக்க. அவளை ஓடவிடப் பிடிக்காமல் இல்லை. என் மகனை நானே வளர்த்தபோது அவன் மரத்திலிருந்து விழுந்து கை உடைந்து வந்தான். கட்டுப்போட்டேன், அடுத்த மாதம் மறுபடி ஏறினான், ஏறட்டும் என்று விட்டேன். இன்று அதே மகனின் பெண்ணைப் பிடித்துப் பிடித்து நடக்கிறேன். ஏன்? அன்று பிள்ளை என்னுடையது. இன்று சாயங்காலம் ஆறு மணிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய பிள்ளை. முழங்காலில் ஒரு கீறல் இருந்தால் மருமகள் ஒன்றும் சொல்ல மாட்டாள். சொல்லாமல் அந்தக் கீறலைப் பார்ப்பாள் பாருங்கள், அந்தப் பார்வைக்குத்தான் பயம்.

இன்னொன்று, அவள் ஓடினால் துரத்த என் முட்டி ஒத்துழைக்காது. பிடித்துக்கொண்டே நடப்பதுதான் எனக்கு முடிந்த ஓட்டம். இதைக் கலாசாரம் என்று எந்த ஆராய்ச்சியாளர் எழுதிக்கொள்வாரோ தெரியாது.


மழைத்தூறல் எழுதியது:

தாத்தா, மன்னிக்க வேண்டும். அந்தப் பாட்டியைக் கொஞ்சம் கேலியாகத்தான் எழுதிவிட்டேன். என் மாமியாரும் வரும்போது இப்படித்தான் செய்வார், எனக்கு எரிச்சலாக இருக்கும். அவர் எனக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலையில் இருக்கிறார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.


தரவுப்பூனை எழுதியது:

விழுவது பற்றி ஒரு கணக்கு. நியூயார்க்கில் கேரன் அடால்ஃப் குழுவினர் 12 முதல் 19 மாதக் குழந்தைகளை விளையாடவிட்டு எண்ணினார்கள் (2012). சராசரி: ஒரு மணி நேரத்துக்கு 2,368 காலடி, 17 விழுதல். மழைத்தூறல், உங்கள் கணவர் உங்கள் மகள் விழுந்ததையும் எண்ணியிருந்தால் அரை மணிக்கு எட்டு ஒன்பது வந்திருக்கும். அந்த வயதில் நடப்பதும் விழுவதும் ஒரே வேலையின் இரண்டு பகுதிகள்.

அடுத்தது, எவ்வளவு அசைய வேண்டும் என்பது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது. ஒன்று, இரண்டு வயதுக் குழந்தை நாள் ஒன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் அசைந்து திரிய வேண்டும். மெதுவாகவோ வேகமாகவோ, சேர்த்து 180. மூன்று, நான்கு வயதில் அதற்குள் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி இருக்க வேண்டும். மூன்று மணி நேரம் என்றதும் நான் பயந்தேன். பிறகு பார்த்தால் பாத்திர அலமாரியைக் காலி செய்வதெல்லாம் அதில் வந்துவிடுகிறது.

என்னை உறுத்தியது அடுத்த வரி: ஒரே இருப்பில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிவைக்கக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபிரிட்ஜ் கதவில் தாள் ஒட்டி, மகனுக்கு பெல்ட் போட்ட நேரத்தையெல்லாம் எழுதினேன். கார் 50, தள்ளுவண்டி 35, சாப்பாட்டு நாற்காலி மூன்று வேளையும் சேர்த்து 80, திரும்ப கார் 50. மொத்தம் 215 நிமிடம். காவோராவைப் பார்த்து முகம் சுளிக்க எனக்குத் தகுதி கிடையாது. எங்கள் வீட்டுக் கட்டுக்குப் பிளாஸ்டிக் கொக்கி இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.


கேள்விக்குறி எழுதியது:

அந்த வழிகாட்டுதலை நானும் படித்தேன். "கட்டிவைப்பது" என்பதற்கு உதாரணமாகத் தள்ளுவண்டி, உயர நாற்காலியோடு, பராமரிப்பவரின் முதுகில் கட்டிக்கொள்வதையும் சேர்த்திருக்கிறார்கள். இது எனக்கு ஒப்பவில்லை. முதுகில் இருக்கும் குழந்தை அம்மா குனிந்தால் குனிகிறது, திரும்பினால் திரும்புகிறது. கழுத்தும் இடுப்பும் ஓயாமல் வேலை செய்கின்றன. தள்ளுவண்டியில் சாய்ந்திருப்பதும் அதுவும் ஒன்றா? உலகத்தில் பாதிப் பிள்ளைகள் முதுகில் வளர்ந்தவர்கள்.


தசைநார் எழுதியது:

முதுகும் நாற்காலியும் ஒன்றில்லை என்பதில் உங்களோடு சேர்கிறேன். ஆனாலும் ஒன்றரை வயதில் கால் தரையில் படாத நேரம் படாத நேரம்தான்.

இதில் அளப்பவர்களுக்கும் ஒரு தலைவலி இருக்கிறது. குழந்தையின் இடுப்பில் அசைவுமானியைக் கட்டி அளக்கிறார்கள். அம்மா தூக்கிக்கொண்டு நடந்தால் அந்த அசைவையும் கருவி குழந்தையின் கணக்கில் ஏற்றிவிடும். தள்ளுவண்டியில் குலுங்கினாலும் அப்படியே. தூக்கி வளர்க்கும் நாட்டையும் இறக்கிவிடும் நாட்டையும் இந்தக் கருவியால் ஒப்பிடும்போது இதை மனதில் வைக்க வேண்டும்.


நார்வேமழை எழுதியது:

நார்வே பேர் அடிபடுவதால் வந்தேன். இங்கே மழலையர் பள்ளியில் வேலை செய்கிறேன். ஒரு வயதிலிருந்தே பிள்ளைகள் வருவார்கள். மழை, பனி எதுவானாலும் வெளியே போவோம். மிகச் சின்னவர்கள் குளிரிலும் வெளியே, தள்ளுவண்டியில் போர்த்திக்கொண்டு மதியத் தூக்கம் தூங்குவார்கள். புதிதாக வந்தபோது முதல் வாரம் எனக்கு இரவில் தூக்கமே வரவில்லை.

எல்லாரும் இதை இந்த மக்களின் துணிச்சல் என்கிறார்கள். நான் சொல்வேன், பாதித் துணிச்சல் அலமாரியில் இருக்கிறது. வாசல் பக்கத்திலேயே ஈரத்துணி காயவைக்கும் சூடான அலமாரி ஒன்று ஆள் உயரத்துக்கு நிற்கும். முழுக்க நனையாத உடுப்பு, பூட்ஸ், மாற்றுத் துணி ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் போட்டுக் கொக்கியில் தொங்கும். சேற்றில் புரண்டு வந்தால் உரித்து அலமாரியில் போட்டால் தீர்ந்தது. இவை எதுவும் இல்லாமல், துணியைக் கையால் துவைக்க வேண்டிய ஒரு அம்மா "சேற்றில் இறங்காதே" என்று சொன்னால் அவரைப் பயந்தவர் என்று எப்படிச் சொல்வது?

ஆண்களுக்கும் பெண்களுக்கும் இங்கே வேறுபாடு அதிகம் காட்டுவதில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். போன மாதம் ஒரு பெண்குழந்தை பாறையில் ஏறும்போது நானே "பார்த்து, பார்த்து" என்றேன். அதே பாறையில் பையன் ஏறியபோது "அடடே!" என்றேன். என் காதாலேயே கேட்டேன்.


பொம்மிஅம்மா எழுதியது:

நார்வேமழை சொன்னது எல்லா ஊரிலும் இருக்கிறது போல. எனக்கு இரட்டையர், ஆண் ஒன்று பெண் ஒன்று. சோபா மேல் அவன் ஏறினால் "சுறுசுறுப்பு", அவள் ஏறினால் "அடங்காது". அடால்ஃப் இருந்த குழுதான் 2000-ல் ஒன்று செய்தது. பதினொரு மாதப் பிள்ளைகள் எவ்வளவு சரிவான பலகையில் தவழ்ந்து இறங்குவார்கள் என்று அம்மாக்களை முன்கூட்டியே சொல்லச் சொன்னார்கள். ஆண்குழந்தையின் அம்மாக்கள் கூட்டிச் சொன்னார்கள், பெண்குழந்தையின் அம்மாக்கள் குறைத்துச் சொன்னார்கள். பலகையில் விட்டுப் பார்த்தால் இருவருக்கும் வித்தியாசமே இல்லை.


திண்ணை எழுதியது:

இந்த இடத்தில் பிள்ளைத்தமிழ் ஞாபகம் வருகிறது. ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, இரு கையும் ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடுவதற்குச் செங்கீரை என்று ஒரு பருவமே வைத்த மொழி இது. முதல் ஏழு பருவமும் இரு பாலுக்கும் பொது. கடைசி மூன்றில்தான் பிரிகிறது: ஆண்பாலுக்குச் சிற்றில் சிதைத்தல், சிறுபறை கொட்டல், சிறுதேர் உருட்டல். பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல். அவன் தேரை உருட்டிக்கொண்டு தெருவில் ஓடுகிறான், இவள் ஊஞ்சலில் இருக்கிறாள். அவன் உடைக்கிற மணல்வீடு யார் கட்டியது என்றும் கேட்டுக்கொள்ளலாம்.


வால்பையன்அப்பா எழுதியது:

கடைசி வரிக்கு ஒரு விசில்.

பெற்றோர் எவ்வளவு அசைகிறார்கள் என்று யாரும் பேசவில்லையே? தலைப்பில் பெற்றோரும் இருக்கிறார்கள். என் கதையைச் சொல்கிறேன். பையனை "போய் விளையாடு" என்று சொல்லிவிட்டு நான் சோபாவில் இருப்பேன். அவனும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, என்னைப் போலவே ஒரு காலை மேலே போட்டுக்கொள்வான். விளையாட எங்கே போவான், வீட்டில் இன்னொரு பிள்ளை கிடையாது.


தேசாந்திரன் எழுதியது:

இங்கிலாந்தில் 554 அம்மா-பிள்ளை ஜோடிகளை, பிள்ளைக்கு நாலு வயதில், இரண்டு பேருக்கும் கருவி கட்டி அளந்தார்கள். 2014-ல் வந்தது. அம்மா அதிகம் அசைந்த நேரத்தில் பிள்ளையும் அதிகம் அசைந்தது. யார் யாரை இழுத்தார்கள் என்பதை அந்தக் கருவி சொல்லாது. என் வீட்டில் சந்தேகமே இல்லை, பிள்ளைதான் என்னை இழுக்கிறது.

ஆனால் பெரியவர் குழந்தையோடு தரையில் புரண்டு விளையாட வேண்டும் என்பதே எல்லா மக்களுக்கும் பொதுவான எண்ணம் கிடையாது. டேவிட் லான்ஸி என்ற மானிடவியலாளர் இதை விரிவாக எழுதியிருக்கிறார். பல சமூகங்களில் விளையாட்டு பிள்ளைகளின் வேலை. ஏழு எட்டு வயது அக்கா இடுப்பில் தூக்கிக்கொண்டு போவாள், கூட்டத்தில் இறக்கிவிடுவாள், குட்டி அந்தக் கூட்டத்தைத் துரத்தி நாள் முழுக்க ஓடும். அம்மா ஒரு பந்தைக்கூட உருட்டியிருக்க மாட்டாள். வால்பையனுக்கு அந்தக் கூட்டம் இல்லை. அதனால் நீங்கள்தான் அவனுக்கு எட்டு வயது அண்ணனாகவும் இருந்தாக வேண்டும். கஷ்டம்தான்.


புதுஅம்மா22 எழுதியது:

நடுவில் ஒரு கேள்வி. வாக்கரில் விட்டால் சீக்கிரம் நடக்குமா? எட்டு மாதம்.


தசைநார் எழுதியது:

சீக்கிரம் நடக்காது. கால்விரல் நுனியில் உந்தப் பழகும், தன் காலைக் குனிந்து பார்க்க முடியாது. படிக்கட்டில் உருண்டு தலையில் அடிபடும் ஆபத்து வேறு. கனடா 2004-ல் விற்பனையையே தடை செய்துவிட்டது. தரையில் விடுங்கள் அம்மா, போதும்.

இழையைப் படித்துவிட்டு யாரும் "23 மாதம் வரை பார்க்கலாம்" என்று இருந்துவிடவும் வேண்டாம். ஆச்சே பிள்ளை தூக்கியே வைத்திருந்ததால் பிந்தியது. தாராளமாகத் தரையில் விட்டும் 18 மாதத்தில் நடக்கவில்லை, ஒரு பக்கக் கைகாலை மட்டும் பயன்படுத்துகிறது, செய்துகொண்டிருந்த ஒன்றை நிறுத்திவிட்டது என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.


மழைத்தூறல் எழுதியது:

நாலு நாள் கழித்து வருகிறேன். நேற்று அந்த பெஞ்ச் அம்மாவிடம் போய்ப் பேசினேன். இருவருக்கும் பொதுவான மொழி அரைகுறைதான், கையைக் காலை ஆட்டிச் சமாளித்தோம். மகன் விழுந்தபோது எப்படி அசையாமல் இருந்தீர்கள் என்று கேட்டேன். அவர் என்னை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார். சறுக்குமரத்தைச் சுற்றி ஒரு வட்டம். ஊஞ்சலுக்குப் பின்னால் ஒரு கல் விளிம்பு, வேலியோரம் உடைந்த பாட்டில் கிடக்கிற இடம், மூன்றாவது படியில் ஆடுகிற ஆணி. பூங்காவுக்கு வந்ததும் முதலில் இந்தச் சுற்றைச் சுற்றி, பொறுக்க வேண்டியதைப் பொறுக்கிவிட்டு, கல் விளிம்பு தெரிகிற மாதிரி பார்த்துத்தான் பெஞ்சில் உட்காருவாராம். அவன் விழுந்தது வெறும் மண். நான் இத்தனை மாதமாக மகள் பின்னாலேயே ஓடியிருக்கிறேன், அந்த ஆணியைப் பார்த்ததே இல்லை.

அப்புறம் அவர் ஒன்று கேட்டார். மகளைக் காட்டி, "உங்கள் பெண்ணின் பெயர் ரொம்ப அழகு. அதற்கு என்ன அர்த்தம்?" என்றார். நான் இன்னும் பெயரே சொல்லவில்லையே என்று விழித்தேன். அவர் திருத்தமாகச் சொன்னார்:

"ஓடாதே."


வால்பையன்அப்பா எழுதியது:

அப்படியானால் என் பையன் பெயர் இறங்கு. இருவரையும் ஒருநாள் சேர்த்து விளையாட விடுவோம்.


தாத்தா67 எழுதியது:

அந்தச் சுற்றை நாளைக்கு நானும் சுற்றிப் பார்க்கிறேன். முட்டிக்கு அது முடியும்.